பாடியவர் பெயர் தெரியவில்லை

யுத்தம் முடிந்த வருடம் எங்கள் பாடசாலையில் குண்டுக்குப் பதிலாகக் கோட்பாடு வந்து விழுந்தது. கொழும்பிலிருந்து வந்த ஒரு வளவாளர், தமிழ் ஆசிரியர்களை ஒருநாள் முழுக்க உட்காரவைத்து மார்க்சியம், பெண்ணியம், அமைப்பியல் என்று வகுப்பெடுத்தார். மத்தியானச் சோற்றுப் பார்சலுக்கு முன்பே அமைப்பியல் முடிந்துவிட்டது.

நிறைகுடம் தளம்பாது. நான் தளம்பிக்கொண்டே உயர்தர வகுப்புக்குள் போனேன். பாடியது யார், ஏன் பாடினார் என்று கேட்பதெல்லாம் பட்டிக்காட்டுத்தனம் என்றேன். வயல்வட்டை என்று வந்தால் வர்க்கம், அடுப்பு என்று வந்தால் ஆணாதிக்கம் என்று சூத்திரமும் கொடுத்தேன்.

தவணைப் பரீட்சைக்கு அந்த வளவாளர் தந்த தாளிலிருந்தே ஓர் ஒப்பாரியை எடுத்துப் போட்டேன். சுனாமியில் மகனைப் பறிகொடுத்த தாய், அவனுக்கு முதலில் சோறு வைத்ததையும் சாப்பாட்டுக் கோப்பையில் பாதி மிஞ்சியதையும் சொல்லி அழுவது. கீழே ‘நாட்டார் பாடல், பாடியவர் பெயர் தெரியவில்லை’ என்றிருந்தது. பெண்ணிய நோக்கில் ஆராயச் சொன்னேன். ஆண்பிள்ளைக்கு முதலில் பரிமாறுவது ஆணாதிக்கம் என்று வகுப்பே ஒப்பித்திருந்தது. கிளிப்பிள்ளைகள். வளர்த்தவனும் கிளிதான்.

ஒருத்தி மட்டும் வேறு எழுதியிருந்தாள். சுனாமி முகாமில் வளர்ந்தவள், வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கவேண்டும் என்ற ஒரே நினைப்போடு இருந்தவள். இது தன் அம்மா முகாமில் அழுதபோது யாரோ பதிவு செய்தது என்று எழுதியிருந்தாள். தம்பி மூன்று நாள் காய்ச்சலில் கிடந்து, அலை வந்த அன்று காலையில்தான் பசிக்குது என்று எழும்பினான். அதனால் அவனுக்கு முதலில் வைத்தார், வேறொன்றுமில்லை. விடை அவ்வளவுதான்.

வாசித்தபோது நெஞ்சு இடித்தது, ஒளிக்கமாட்டேன். இடித்தும், ‘கோட்பாட்டைப் பிரயோகிக்கவில்லை’ என்று சிவப்புப் பேனையால் எழுதி இருபதுக்கு நாலு போட்டேன். என்னைப் போன்ற கழுதைகளுக்குச் சிவப்புப் பேனை கொடுக்கக்கூடாது.

பெற்றோர் கூட்டத்துக்குத் தாய் வந்தார். கையில் அந்த விடைத்தாள். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்து, வளவாளரின் குறிப்புகளை மேசையில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

“கோவிக்காதீங்க சேர்,” என்றார். “அண்டைக்கு எனக்கு நினைவு சரியில்ல. நான் பிழையாப் பாடினதாலதானே புள்ளைக்குப் புள்ளி குறைஞ்சது? அவள் கம்பஸ் போக வேணும் சேர். எப்படிப் பாடியிருக்க வேணும் எண்டு சொல்லுங்க, மறுகா அப்படியே பாடித் தாறன்.”