ஓரம் மடித்த வெள்ளி டேப்

டேப்பு மாமா ஏணி போட்டு ஏறி, கண்டவர் வீட்டுக் குளியலறையை எட்டிப் பார்க்கிறாராம். இந்தப் பேச்சு வாசலுக்கு வாசல் ஒரு முழம் வளர்ந்தது. முதல் தெருவில் ஒரு வென்டிலேட்டர், இரண்டாவதில் நான்கு. மூன்றாவது தெருவுக்கு வந்தபோது அவர் கையில் கேமராவே முளைத்துவிட்டது.

விசாரித்தால், சொன்னவர்கள் அத்தனை பேரும் கேட்டவர்கள். கண்ணால் பார்த்தவர் ஒரே ஒருவர், பால் போடுகிறவர்.

“ஏணி போட்டது நிஜம். கையை உள்ள விட்டதும் நிஜம். ஆனா கண்ணை இறுக்கி மூடிக்கிட்டிருந்தாரு. எட்டிப் பாக்குறவன் எவனாச்சும் கண்ணை மூடுவானா, நீங்களே சொல்லுங்க?”

முதல் இரண்டு வாக்கியங்களைத் தெரு எடுத்துக்கொண்டது. மூன்றாவது யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

டேப்பு மாமா ஏ.சி. மெக்கானிக். வயது ஐம்பத்து மூன்று. அறையைக் குளிர வைப்பது பாதி இயந்திரம், மீதி அடைப்பு என்பது அவர் கட்சி. ஜன்னல் இடுக்கு, கதவுச் சந்து, ஒயர் நுழைந்த ஓட்டை எதையும் விட்டுவைக்க மாட்டார். படுக்கையறையோடு சேர்ந்த குளியலறை என்றால் அதன் வென்டிலேட்டர் வழியாகக் குளிர் ஓடிவிடும். அதற்கும் வெள்ளி டேப். டேப்புச் சுருள் வளையல் மாதிரி அவர் மணிக்கட்டிலேயே கிடக்கும். “கல்யாணமானதுலேருந்து இவரு அடைக்காம விட்டது என் வாயை மட்டும்தான்” என்பாள் மனைவி.

ஒட்டி முடித்ததும் நுனியை ஒரு நகம் அளவுக்கு உள்பக்கமாக மடித்துவிடுவார். பின்னால் வருகிறவன் சிரமமில்லாமல் உரிக்க வேண்டுமே என்ற அக்கறை. ஊரில் வேறு எந்த மெக்கானிக்குக்கும் இந்தப் பழக்கம் கிடையாது.

போன மாதம் இரண்டாம் மாடித் தையல்கார அம்மாவின் மகள் குளிக்கப் போனாள். இருபது நிமிடம் ஆகியும் வெளியே வரவில்லை. கதவை உடைத்துப் பார்த்தால், குழாயில் வெந்நீர் கொட்டிக்கொண்டிருக்க அவள் தரையில் கிடந்தாள். நான்கு நாள் ஆஸ்பத்திரி. உயிர் பிழைத்தாள், கையில் மட்டும் ஒரு நடுக்கம் தங்கிவிட்டது. மெதுவாகத்தான் போகும் என்றார் டாக்டர்.

விஷயம் கேள்விப்பட்டு மாமா போனபோது பிளம்பர் குளியலறையில் நின்று தலையில் அடித்துக்கொண்டிருந்தார்.

“கேஸ் கீசர் எரியக் காத்து வேணும்ண்ணே. காத்து பத்தலேன்னா விஷமாத்தான் எரியும். வாசனையும் வராது, கண்ணும் எரியாது, ஆளு அப்படியே சாய வேண்டியதுதான். எந்தப் புண்ணியவான் இந்த வென்டிலேட்டருக்குச் சீல் வெச்சானோ!”

மாமா நிமிர்ந்து பார்த்தார். வெள்ளி டேப். நுனி அழகாக, ஒரு நகம் அளவுக்கு மடிந்திருந்தது.

மணிக்கட்டில் கிடந்த சுருளைக் கழற்றிப் பைக்குள் போட்டார்.

இரண்டு கோடைக்கு முன் அவர் ஒட்டியபோது அங்கே கீசர் இல்லை. போன குளிர்காலத்தில் கீசர் மாட்ட வந்தவன் அண்ணாந்து பார்க்கவில்லை. அவரவர் வேலை படு சுத்தம். இரண்டு சுத்தத்துக்கும் நடுவில்தான் அந்தப் பெண் குளிக்கப் போனாள்.

அன்று மாலை விரல் விட்டு எண்ணினார். குளியலறை வென்டிலேட்டரை அவர் அடைத்த வீடுகள் இன்னும் பதினேழு. எதில் கீசர் வந்திருக்கிறது, எதில் இல்லை, யார் கண்டது? மறுநாளே ஏணியைத் தூக்கினார். கதவு திறந்தவர்களிடம், “டேப்பை எடுக்கணும், பழசாயிடுச்சு” என்றார். கதவு திறக்காத வீட்டில் வெளியிலிருந்தே ஏறி, கண்ணை மூடிக்கொண்டு உரித்தார். காரணத்தை ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால், ஒட்டியது யார் என்பதையும் சொல்ல வேண்டும்.

பதினாறு முடிந்தது. பதினேழாவது, ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜரின் மூலை வீடு. அங்கே பேச்சு அவருக்கு முன்னே போய்ச் சேர்ந்திருந்தது. மேனேஜரின் மனைவி இரண்டு தடவை முகத்துக்கு நேரே கேட்டைச் சாத்தினார்.

மூன்றாம் தடவை போனது காலை எட்டு மணிக்கு. கேட் திறந்திருந்தது. வீட்டின் பக்கவாட்டில் கீசர் எரியும் ‘உஸ்’ சத்தம் கேட்டது.

“அம்மா, உள்ள யாரு குளிக்கிறாங்க?”

“வந்துட்டாருய்யா! யாரு குளிச்சா உமக்கென்ன?” என்று அந்த அம்மா சீறினார். “அவருதான். முட்டி வலின்னு வெந்நீர்ல ஒரு மணி நேரம் நிப்பாரு. அதையும் பாக்கணுமா உமக்கு?”

“தலைவலி, மயக்கம்னு ஏதாவது சொன்னாரா?”

அந்த அம்மாவின் முகம் மாறியது. “மூணு நாளா தலைவலின்னுதான்... பித்தம்னு நெனச்சோம்.”

“கதவைத் தட்டுங்க. கீசரை நிறுத்திட்டு வெளிய வரச் சொல்லுங்க. ஓடுங்கம்மா!”

அவர் ஓடினார். மாமா ஏணியைச் சுவரில் சாய்த்து ஏறி, மடித்த நுனியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். உள்ளேயிருந்து வெந்நீர் ஆவி முகத்தில் அடித்தது.

“எவன்டா அது?” என்று ஒரு குரல் வந்தது. அந்த வசவு அவர் காதுக்கு அவ்வளவு இதமாக இருந்தது.

மேனேஜர் துண்டோடு சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். வாசல் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். உதடு வெளிறியிருந்தது. “கால் ரெண்டும் பஞ்சு மாதிரி இருக்கு. நீ ஏணிமேல என்னய்யா பண்ணின?”

“முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க சார். கீசரை வெளிச்சுவருக்கு மாத்துற வரைக்கும் அதைப் பத்த வெக்காதீங்க.”

ஆட்டோ வரும்வரை மேனேஜரின் மனைவி மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதை மொத நாளே சொல்லியிருந்தா கேட்டைச் சாத்தியிருப்பேனா?”

“ஒட்டினது நான்தாம்மா.”

“தையல்கார அம்மா வீட்டுலயுமா?”

மாமா தலையசைத்தார்.

“அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?”

ஆட்டோ வந்துவிட்டது.

மறுநாள் சாயங்காலம் சட்டையை மாற்றிக்கொண்டு இரண்டாம் மாடிக்குப் போனார். வழி நெடுக வாக்கியத்தை உருப்போட்டிருந்தார், நான்கே வார்த்தைதான். மகள் மிஷின் முன்னால் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை தவறியது. இரண்டாம் தடவையும் தவறியது. மூன்றாம் தடவை நூல் நுழைந்ததும் அவள் நிமிர்ந்து சிரித்தாள்.

“வாங்கண்ணே,” என்றார் தையல்கார அம்மா. “பிளம்பரைக் கூட்டிட்டு வந்து கீசரை பால்கனிக்கு மாத்திக் குடுத்தீங்க, கூலியும் வேணாம்னுட்டீங்க. கூடப் பொறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான். இந்தக் கடனை எப்படிண்ணே தீர்ப்போம்?”

மாமா வாயைத் திறந்தார்.

“கீசர் ஒழுங்கா எரியுதாம்மா?” என்று கேட்டார். கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் பால்கனிப் பக்கம் போனார்.