இஸ்தான்புல்லில் ஒரு படூர் டீம்

“ஊரெல்லாம் சூப்பர் மாமா. நான்தான் பொய் சொல்லி மாட்டிக்கினேன்!”

போன மாதம் துருக்கியிலிருந்து திரும்பி வீட்டுக்கு வந்த ரிஸ்வானா, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொன்னது இது.

செங்கல்பட்டு பஜாரில் குடைக்கடை வைத்திருக்கும் என் சிநேகிதர் ஜலீல் பாயின் மகள் ரிஸ்வானா. பொத்தேரிப் பக்கம் ஒரு யுனிவர்சிட்டியில் ஆராய்ச்சி செய்கிறாள். எதைப் பற்றி? ஃபுட்பால். அதுவும் ஆடுகிறவர்களைப் பற்றி இல்லை... பார்க்கிறவர்களைப் பற்றி! தோற்றுக்கொண்டே இருந்தாலும் ஜனங்கள் ஒரு டீமை ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? அதுதான் அவளுடைய கேள்வி.

“இதுக்கு இன்னாத்துக்கு துருக்கி போவணும்? நம்ம தெருவுல கேட்டா சொல்ல மாட்டானுங்களா?” என்று பாய் புலம்பினார். புலம்பிக்கொண்டே ஏர்போர்ட் வரைக்கும் போய் ஏற்றிவிட்டும் வந்தார். பெற்றவர்கள் அப்படித்தான்.

இஸ்தான்புல் ஒரு விநோதமான ஊர். நடுவில் கடல் ஓடுகிறது. இந்தக் கரை ஆசியா, அந்தக் கரை ஐரோப்பா. போட்டில் ஏறி ஒரு டீ குடித்து முடித்தால் கண்டம் மாறிவிடும். நாம் தாம்பரத்தில் ஏறி பொத்தேரி வருவதற்குள் அந்த ரயில் கூட்டத்தில் ஒரு பேப்பரை மடிக்கக்கூட முடியாது!

கரைக்கு ஒரு டீம். இவர்களுக்கும் அவர்களுக்கும் ஆகாது. சும்மா ஆகாது இல்லை... பெண் கொடுத்துப் பெண் எடுத்துவிட்டு மேட்ச் அன்றைக்கு மட்டும் மாமனார் முகத்தில் விழிக்காத அளவுக்கு ஆகாது.

ஆசியாக் கரையில் ஒரு டீக்கடை. முதலாளி கெமால். வயதானவர். அங்கே பெரியவர்களை ‘அம்ஜா’ என்று கூப்பிடுவார்கள், நம் ‘பெரியப்பா’ மாதிரி. கடைக்கு வருகிற அத்தனை பேரும் அந்தக் கரை டீமின் வெறியர்கள். ஐரோப்பாக் கரையில் ஒரு சலூன். அதை நடத்துகிற செலிம் எதிர் டீமின் வெறியன். ரிஸ்வானாவின் ஆராய்ச்சிக்கு இரண்டு கடையும் தேவை. போனில் மொழிபெயர்க்கும் ஆப்பை வைத்துக்கொண்டு பேசப் போனாள்.

அங்கே முதல் கேள்வி பேரும் இல்லை, ஊரும் இல்லை.

“நீ எந்த டீம்?”

இங்கேதான் நம் பெண் செங்கல்பட்டு வேலையைக் காட்டினாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. குடைக்கடையில் வளர்ந்தவள். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்காரர்களும் கும்பிட்டுக்கொண்டு கடை ஏறுவார்கள். பாய் கல்லாவை விட்டு எழுந்து நின்று, ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்வார்: “நம்ம வூட்டு ஓட்டு உங்களுக்குத்தான் அண்ணாத்த!” வந்தவருக்கும் தெரியும் அது சும்மா என்று. சொன்னவருக்கும் தெரியும், அவருக்குத் தெரியும் என்று. இதில் பொய் எங்கே இருக்கிறது? மரியாதை அது! உன்னை வெறுங்கையோடு அனுப்ப மனசில்லை என்று அர்த்தம். நீங்களும் சொல்லியிருப்பீர்கள்தானே?

ரிஸ்வானாவும் சொன்னாள். கெமாலிடம், “உங்க டீம்தான் அம்ஜா.” செலிமிடம், “உங்க டீம்தான் அண்ணா.”

இரண்டு கரையிலும் ராஜ உபசாரம். செலிம் தன் டீமின் மஃப்ளரை அவள் கழுத்தில் போட்டு ஒரு போட்டோ எடுத்தான். கெமால் அம்ஜா அதைவிட ஒரு படி மேலே போய், “வர்ற ஞாயித்துக்கெழமை ரெண்டு டீமுக்கும் மேட்ச். டிவி முன்னாடி எங்களோட குந்து” என்று அழைத்துவிட்டார். வெளியாள் யாரையும் அன்றைக்கு உள்ளே விட மாட்டார்களாம்.

அந்த ஒரு மேட்ச்தான் அவளுக்கு முக்கியம். கைடு முன்பே மிரட்டியிருந்தார்: “ஜனங்களோட உக்காராம எழுதினா அது தீசிஸ் இல்லம்மா, ஜெராக்ஸ்.” ஊர் திரும்பும் நாளும் நெருங்கிவிட்டது.

மதுராந்தகம் பஸ் ஸ்டாண்டில் காய் விற்கும் ஒரு அம்மா சொல்லி, நான் பொத்தி வைத்திருக்கும் பழமொழி ஒன்று உண்டு. “ரெண்டு வூட்ல சாப்புட வர்றேன்னு சொன்னவனுக்கு ரெண்டு வூட்லயும் ஒல வெக்க மாட்டாங்க.”

மேட்சுக்கு முந்தின நாள் ரிஸ்வானா கெமாலின் டீக்கடைக்குள் நுழைந்தாள். அந்த ஊரில் நீங்கள் கேட்கவே வேண்டாம், உட்கார்ந்தால் டீ வரும். அன்றைக்கு வரவில்லை. யாரும் திட்டவில்லை. டீ வரவில்லை, அவ்வளவுதான்.

கெமால் அம்ஜா தன் போனை மேஜையில் வைத்துத் தள்ளினார். செலிமின் சலூன் இன்ஸ்டாகிராமில் மஃப்ளரோடு பல்லெல்லாம் தெரிய ரிஸ்வானா. கீழே: “இந்தியாவிலிருந்து நம்ம டீமுக்கு ஒரு தங்கச்சி!”

அடுத்து நடந்ததை ரிஸ்வானா சொன்னபடியே சொல்கிறேன். அவள் கதையில் துருக்கிப் பெரியவரும் செங்கல்பட்டுத் தமிழ்தான் பேசுகிறார். நானும் தடுக்கவில்லை.

“இன்னாம்மா இது?”

“மன்னிச்சிடுங்க அம்ஜா. நான் ரெண்டு டீமும் இல்ல. ஆராய்ச்சி பண்றவ. நடுநிலை.”

உண்மையைச் சொன்னால் விஷயம் முடிந்துவிடும் என்று நினைத்தாள். அது இன்னும் மோசமாகப் போனது!

“அவன் டீமுன்னு சொல்லியிருந்தாகூட டீ குடுத்திருப்பேன். தோத்தா அவனுக்கும் தூக்கம் வராது, எனக்கும் வராது. நடுநிலைன்னா... எவன் தோத்தாலும் உனக்கு நல்லா தூக்கம் வரும். அப்டித்தானே? உன்கிட்ட இன்னாத்த பேசறது?”

ரிஸ்வானா நோட்டை மூடினாள்.

எழுந்து போக வேண்டியதுதான். போட் பிடித்து ரூமுக்குப் போய் ஜெராக்ஸ் தீசிஸ் எழுத வேண்டியதுதான். பையை எடுத்தவளைப் பார்த்து அம்ஜா கடைசியாகக் கேட்டார்.

“உனக்குன்னு ஒரு டீமே இல்லியா?”

“கீது!”

யோசிக்காமல் வந்த வார்த்தை. யோசித்துச் சொன்னதெல்லாம்தான் அவளைக் கவிழ்த்துவிட்டதே!

அப்புறம் கொட்டினாள். படூரில் காலேஜ் படிக்கும்போது ஒரு பெண்கள் டீம். இவள்தான் கோல்கீப்பர். ஒரே மேட்சில் ஒன்பது கோல் வாங்கியவள். மழை வந்தால் கிரவுண்ட் குளமாகிவிடும், பந்து மிதக்கும். மூன்று வருடத்தில் ஒரு மேட்ச்கூட ஜெயித்ததில்லை. “எங்களுக்குன்னு விழுந்த ஒரே கோலையும் எதிர் டீம்காரிதான் போட்டா அம்ஜா. தெரியாம அவ கோலுக்குள்ளயே அடிச்சிட்டா. நாங்க அவளத் தூக்கி வெச்சி ஆடினோம்.”

ஆப் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் பக்கத்து மேஜைக்காரர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் கேட்டார்: “ஒம்பது வாங்கினியே, அன்னிக்கி வூட்டுக்குப் போயி இன்னா பண்ணே?”

“சாப்புடல. அம்மா கேட்டாங்க, வயிறு வலிக்குதுன்னேன்.”

கெமால் அம்ஜா உள்பக்கம் திரும்பி ஏதோ கத்தினார். டீ வந்தது.

மறுநாள் டிவி முன்னால் அவளுக்கும் ஒரு நாற்காலி இருந்தது. அவர்கள் டீம் தோற்றது. அதற்குப் பிறகுதான் பேசினார்களாம்! என் வாழ்நாளில் நான் கவனித்த ஒரு விஷயம்: ஜெயித்த கதையை ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவார்கள். தோற்ற கதைக்கு மூன்று டீயாவது வேண்டும். கல்யாணம், வியாபாரம், எலெக்‌ஷன்... எதில் வேண்டுமானாலும் வைத்துப் பாருங்கள்.

செலிமிடமும் போய் உண்மையைச் சொன்னாள். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். ஆனால் இன்ஸ்டாகிராமிலிருந்து போட்டோவை நீக்கவில்லை, கீழே இருந்த எழுத்தை மட்டும் மாற்றினான்: “இந்தியத் தங்கச்சி. டீம்: படூர்.”

தீசிஸ் பிழைத்தது. சுபம் என்று போட்டுவிடலாமா? முடியாது. நல்ல பெயர் எடுத்துவிட்டால் அதற்குத் தீனி போட வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமையானால் இரண்டு கரையிலிருந்தும் மெசேஜ் வருகிறது. “படூர் இன்னாச்சு?”

படூர் என்ன ஆகும்? அந்த டீம் கலைந்தே பல காலமாகிறது. ஒருத்தி ஓஎம்ஆரில் ஐடி வேலை, ஒருத்தி மதுராந்தகத்தில் கைக்குழந்தையோடு. “கீது” என்று சொன்னாளே தவிர, இருந்தது என்றுதான் சொல்லியிருக்க வேண்டும்.

“இன்னொருக்கா பொய்க்காரின்னு பேரு வாங்க மாட்டேன் மாமா. டீம் இல்லன்னா கொண்டாந்துட வேண்டியதுதான்!”

ஒவ்வொருத்திக்காகப் போன் போட்டாள். திட்டினார்கள், சிரித்தார்கள், வந்தார்கள். நேற்று மாமல்லபுரத்தைத் தாண்டி ஒரு கடலோர கிரவுண்டில் மேட்ச். எதிரே பக்கத்து ஸ்கூல் பெண்கள். பாயும் நானும் கரையோரம் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். மதுராந்தகத்துக் குழந்தை என் மடியில்.

எந்த நேரமும் கோல் வாங்குவார்கள் என்று காத்திருந்தோம். வாங்கவில்லை. கடைசியில் ஐடி கம்பெனிக்காரி கண்ணை மூடிக்கொண்டு ஒரு உதை விட்டாள். கடல் காற்று வாங்கிக்கொண்டு போய் உள்ளே போட்டது.

படூர் ஜெயித்துவிட்டது!

எல்லோரும் கட்டிப் பிடித்துக் குதிக்கிறார்கள். ரிஸ்வானா மட்டும் மணலில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு கண்டத்திலிருந்தும் மெசேஜ் வந்து கிடக்கிறது. “படூர் இன்னாச்சு?”

“இன்னா அத்தா சொல்றது?”

பாய் குடையை மடக்கினார்.

“வோணாம்மா. நம்ப மாட்டாங்க.”