பூஜ்யத்தில் விரியாத லாக்

பெருக்கல் வாய்பாடும் தனிவட்டியும் சொல்லிக்கொடுக்க, நாமக்கல் பக்கத்துப் பள்ளி ஒன்றில் கணக்கு வாத்தியார் வேலை. அந்த இண்டர்வியூவுக்குச் சென்னையிலிருந்து ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரை வரவழைத்திருந்தார்கள். எலி வேட்டைக்குத் தவில். நான் திருச்சியில் ஆனர்ஸ் முடித்துவிட்டு, அம்மாபேட்டை நூல் கடை ஒன்றில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். வேலை உத்தரவைக் கண்ணில் காட்டினால்தான் பெண் என்று திருச்செங்கோட்டு மாமன் கறாராகச் சொல்லியிருந்தார். அந்தப் பெண் மேல் எனக்குக் கொள்ளை ஆசை.

பேராசிரியர் கரும்பலகையைக் காட்டி, லாக் இசட்டைப் பூஜ்யத்தை மையமாக வைத்து அடுக்குத் தொடராக விரிக்கச் சொன்னார். கலப்பெண் கணிதம் படித்த எவனுக்கும் தெரியும், பூஜ்யத்தில் லாக்குக்கு மதிப்பே கிடையாது. மையமே இல்லாத இடத்திலிருந்து எதை விரிப்பது? நம்மை ஆழம் பார்க்கிறார் என்று நினைத்து, கண்டுபிடித்துவிட்ட பெருமையில், "முடியாதுங்க" என்றேன்.

பேராசிரியரின் முகம் சுண்டியது. பள்ளித் தலைவர் பெரிய பண்ணையக்காரர். அவர் எனக்காக வருத்தப்பட்டார்.

"தெரியலீன்னா தெரியலீன்னு சொல்லிப்போடுங்க சாமி. பெரியவங்க கேக்கறப்ப முடியாதுன்னா சொல்லுவாங்க?"

கணக்கில் 'முடியாது' என்பது ஒரு விடை. ஊரில் அது திமிர். காரணம் சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அவர் மளமளவென்று எழுதியதைச் சன்னல் வழியே பார்த்தேன். இசட், மைனஸ் இசட் ஸ்கொயர் பை டூ, பிளஸ் இசட் க்யூப் பை த்ரீ. அது ஒன்றோடு இசட்டைக் கூட்டி எடுக்கிற லாக்கின் தொடர். அந்த ஒன்றை மனிதர் சத்தமில்லாமல் விழுங்கியிருந்தார். இசட்டுக்கு ஒன்று போட்டால் இடப்பக்கம் பூஜ்யம், வலப்பக்கம் லாக் இரண்டு. பேராசிரியர் "பேஷ்" என்றார். வேலை அவருக்குப் போயிற்று.

மறு வருஷம் ஆத்தூர்ப் பக்கம் இன்னொரு பள்ளி. அதே பேராசிரியர், அதே கேள்வி. ஆழமும் இல்லை, மண்ணும் இல்லை, மனிதருக்கு உண்மையாகவே தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெண்ணுக்கு வேறு இடம் பார்ப்பதாக மாமன் முந்தின வாரம்தான் சொல்லி அனுப்பியிருந்தார். சாக்கட்டியை எடுத்தேன். ஒன்றை விழுங்கினேன். மளமளவென்று ஆறு உறுப்பு வரை எழுதினேன். "பேஷ்" கிடைத்தது.

உத்தரவு வந்தது, பெண்ணும் வந்தாள். அந்தப் பள்ளியில் முப்பது வருஷம், கணக்கைத் தப்பாகப் போட்ட பிள்ளைகளைப் பிரம்பால் அடித்தேன்.