சந்தனம் வைத்த டீசல் டேங்க்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் யோசித்தேன். முருகனின் பெருமையாக ஊர் சொல்லும் கதைக்குக் குறுக்கே பேசுவதா என்ற பயம். போன வாரம் ஒருவர் வீடு தேடி வந்து, "டிராக்டர் டேங்க் ஒழுகுதுங்க, உங்க கையால ஒரு சிட்டிகை திருநீறு குடுங்க" என்றார். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால்தான் பாவம் என்று பட்டது.

எங்களிடம் காய்கறி ஏற்றும் பழைய வேன் ஒன்று இருந்தது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும் எங்கள் ஊர்க்காரர் நாற்பது பேருக்கு மதியச் சோறு கொண்டு போவது எங்கள் வீட்டு வேண்டுதல். விரதக்காரர்களுக்கு நாளுக்கு அந்த ஒரு வேளைதான். ஒரு வருடம், சோறு கொண்டு போவதற்கு முந்தின நாள் சாயங்காலம், சாமி காரியத்துக்குப் போகிற வண்டியில் துரு இருக்கலாமா என்று, டேங்க்கைக் கம்பி பிரஷால் பளபளவெனத் தேய்த்துச் சந்தனம் வைத்தேன். அந்தத் துருதான் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தது என்று எனக்கு எங்கே தெரியும்!

மறுநாள் ரெட்டியார்சத்திரம் தாண்டியதும் பக்கத்தில் இருந்த மனைவி மூக்கைச் சுளித்தாள். "ஏங்க, டீசல் வாடை அடிக்குது. ஓரங்கட்டுங்க."

இறங்கிப் பார்த்தால், சந்தனம் வைத்த இடத்திலேயே நூலாக ஒழுகுகிறது! பின்னால் அண்டா நிறையச் சாம்பார் சாதம். ஒட்டன்சத்திரம் பக்கம் நாற்பது பேர் பசியோடு காத்திருப்பார்கள். விரலால் பொத்திப் பார்த்தேன், நிற்கவில்லை.

"தேய்க்க ஆசைன்னா வீட்ல அம்புட்டுப் பாத்திரம் கெடக்குல்ல?" என்றாள் அவள்.

அந்த நேரம் பார்த்து வேறொரு பாதயாத்திரைக் கூட்டம் எங்களைக் கடந்தது. பச்சை வேட்டி கட்டிய ஒருவர் மட்டும் நின்று, குனிந்து பார்த்துச் சிரித்தார். "என்ன சாமி, பொட்டு வச்சு டேங்க்க அழ விட்டிருக்கீக?"

கடற்கரைக்காரராம். "எங்ககிட்ட பழைய பாய்மர வள்ளம் ஒண்ணு இருக்கு. பாயும் உண்டு, இஞ்சினும் உண்டு. நடுக்கடல்ல டேங்க் ஒழுகுனா மெக்கானிக்கு நீந்தியா வருவாரு?" என்றபடி பையிலிருந்து சோப்புக் கட்டியை எடுத்தார். டேங்க்கைத் துடைத்தார். சோப்பைத் தண்ணீர் படாமல் விரலால் பிசைந்து ஓட்டையில் வைத்து அழுத்தினார்.

நின்றுவிட்டது! ஒரு சொட்டு இல்லை! "முருகா!" என்று நடுரோட்டில் கத்திவிட்டேன்.

"டீசல்ல சோப்பு லேசுல கரையாது. ஆனா இது கரை சேர மட்டுந்தான் சாமி. போனதும் டேங்க்க மாத்திருங்க. பக்கத்துல யாரையும் பீடி பத்த வைக்க விடாதீக."

"உங்களுக்குக் குளிக்க சோப்பு?"

"சண்முகநதியில முங்குனா பத்தாதா?" என்று, கூட்டத்தைப் பிடிக்க ஓட்டமாக ஓடிவிட்டார். மனைவி கண் கலங்கி, அந்தச் சோப்பின் மேலேயே திருநீறு பூசினாள்.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். சோறு சூடாகவே இருந்தது. டேங்க் ஒழுகி நின்றதைக் கேட்டுக் குனிந்த நாற்பது பேரும் பார்த்தது திருநீற்றைத்தான். முருகனே ஓட்டையை அடைத்தான் என்று ஊரே பேசியது. சோப்பைச் சொன்னால், நான் துருவைத் தேய்த்ததையும் சொல்ல வேண்டுமே! பேசாமல் இருந்துவிட்டேன். மறுவாரமே புது டேங்க் மாற்றியதைக்கூட யாரிடமும் சொல்லவில்லை.

அந்த மனிதரை அனுப்பியவன் முருகன்தான். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் அவர் வைத்தது சோப்பு. டிராக்டர்காரரிடமும் இதைத்தான் சொன்னேன். திருநீற்றை அவர் நெற்றியில் பூசி, டேங்க்கைக் கழற்றச் சொல்லி அனுப்பினேன்.

படிக்கிற நீங்களும் நாலு பேரிடம் சொல்லுங்கள். சொல்லும்போது, தேய்த்துக் கெடுத்த என்னைக் கதையிலிருந்து எடுத்துவிடாதீர்கள். சோப்பையும் திருநீறாக்கிவிடாதீர்கள்.