தலைப்புகளுக்கு மட்டும் நான் பொறுப்பு

என் மனைவி முனைவர் பட்டத்துக்காக ஆறு வருடம் எழுதிய ஆய்வேட்டில், தலைப்புகள் என் பொறுப்பு. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு தலைப்புகள். அவற்றுக்குக் கீழே இருக்கும் மற்ற சமாச்சாரமெல்லாம் அவள் பொறுப்பு. இந்தப் பாகப்பிரிவினையை யாரும் செய்து வைக்கவில்லை, நானாகவே எடுத்துக்கொண்டேன்.

அதற்குக் காரணம் உண்டு. ஒரு கம்பெனியின் நிர்வாகப் பிரிவில் இருபத்தேழு வருடமாக சர்க்குலர் தயாரிப்பது என் வேலை. சர்க்குலரில் தலைப்பைத் தவிர வேறு ஒரு வரியை ஒரு ஜீவன் படித்ததாக எனக்குத் தகவல் இல்லை. எனவே தலைப்பு தடித்த எழுத்தில் நடுவாக நிற்க வேண்டும், கீழே இருப்பது எப்படியோ போகட்டும் என்பது என் தொழில் தர்மம். அவள் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். மீன் விற்கும் பெண்களின் பேச்சுதான் அவளுடைய ஆய்வு. ஞாயிற்றுக்கிழமைகளில் குப்பத்துக்கும் மார்க்கெட்டுக்கும் போய், மீன் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் பேசுவதை ஃபோனில் பதிவு செய்துகொண்டு வருவாள். பொழிச்சலூரில் எங்கள் வீட்டில் அந்த ஆறு வருடமும் மீனுக்குக் குறைவில்லை.

முதல் மூன்று அத்தியாயங்களை தாம்பரத்தில் ஒரு டி.டி.பி. கடையில் டைப் செய்யக் கொடுத்திருந்தாள். அங்கே பழைய வகைத் தமிழ் ஃபாண்டில் அடிப்பார்கள். அந்த வகையில், கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான். ஃபாண்ட் அதற்குத் தமிழ் வேஷம் போட்டுக் காட்டும். ஃபாண்டை மாற்றினால் வேஷம் கலைந்துவிடும். கடைசி இரண்டு அத்தியாயங்களை அவளே யூனிகோடில் அடித்தாள், அதில் இந்த வில்லங்கம் கிடையாது. இதெல்லாம் இன்று எனக்கு அத்துப்படி. அன்று தெரியாது.

தலைப்புகள் அனைத்தையும் நான் ஒவ்வொன்றாக அழித்து, யூனிகோடில் திரும்ப அடித்து, ஹெட்டிங் ஸ்டைல் கொடுத்திருந்தேன். ஸ்டைலை ஒரே இடத்தில் மாற்றினால் எல்லாத் தலைப்பும் சேர்ந்து மாறும் என்று கண்டுபிடித்த நாளில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மனைவியைக் கூப்பிட்டு உட்கார வைத்து, தலைப்புகளைப் பெரிதாக்கி, சிறிதாக்கி, மறுபடி பெரிதாக்கிக் காட்டினேன்.

"உள்ள இருக்கறத ஒரு தடவ படிச்சுப் பாருங்களேன். எங்கயாவது புரியலைன்னா சொல்லுங்க" என்றாள்.

"முதல்ல அலைன்மென்ட் முடியட்டும்" என்றேன். இந்தப் பதிலை நான் எத்தனை தடவை சொன்னேன் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று. கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. அதைத் தவறவிட்டால் பதிவு ரத்தாகிவிடும், ஆறு வருட உழைப்பும் போய்விடும். அன்று அவளுக்குப் பள்ளியில் பரீட்சை மேற்பார்வை. நான் லீவு போட்டுவிட்டு ஐந்து பிரதி எடுத்து, பைண்ட் செய்து, மூன்று மணிக்கு தாம்பரம் ஸ்டேஷனுக்குக் கொண்டுவர வேண்டும். அங்கிருந்து இருவரும் ட்ரெயினில் போவதாகத் திட்டம்.

"எதையும் மாத்தாதீங்க. அப்படியே பிரிண்ட் எடுங்க" என்று சொல்லி பென் டிரைவை என் கையில் கொடுத்துவிட்டுப் பள்ளிக்குப் போனாள்.

நான் சும்மா ஒரு தடவை திறந்து பார்த்தேன். முன்பாதியின் எழுத்து ஒல்லியாக இருந்தது, பின்பாதி பருமன். தலைப்பு மூன்றாவது தினுசு. இப்படி ஒன்றைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்தால் என் மானம் என்னாவது? கன்ட்ரோல் ஏ அழுத்தி எல்லாவற்றையும் பிடித்து, ஒரே யூனிகோடு ஃபாண்டுக்கு மாற்றி, சேமித்தேன். திரையில் அப்போது இருந்தது கடைசி அத்தியாயம், அது ஒழுங்காகவே இருந்தது. பிறகு இடது பக்கத்தில் தலைப்புகளை மட்டும் வரிசையாகக் காட்டும் பட்டையைத் திறந்து, இருநூற்றுப் பன்னிரண்டையும் சரிபார்த்தேன். அத்தனையும் முத்து முத்தாக இருந்தன. குழப்பம் வேண்டாமே என்று, லேப்டாப்பிலும் பென் டிரைவிலும் கிடந்த 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ஒரிஜினல் ஃபைனல்', 'இதுதான் ஃபைனல்' எல்லாவற்றையும் ஒரேயடியாக அழித்துவிட்டுக் கிளம்பினேன்.

அந்த டி.டி.பி. கடை தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு சந்தில் இருக்கிறது. முன்னால் கடைக்காரம்மா டைப் செய்வார், பின்னால் அவர் கணவர் பைண்டிங் செய்வார். அவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். பத்து மணிக்கு பிரிண்டர் ஓடத் தொடங்கியது. முதல் பத்துப் பக்கம் வந்ததும் பாய் ஒரு தாளை எடுத்து, தூரமாகப் பிடித்துப் பார்த்தார்.

"சார், இது இங்கிலீஷ் தீசிஸா?"

"தமிழ், பாய்."

"மேல தமிழ்தான் கீது. கீழ யாரையோ திட்டுற மாரி கீது."

பிடுங்கிப் பார்த்தேன். மேலே 'முன்னுரை' என்று என் தலைப்பு கம்பீரமாக நின்றது. அதற்குக் கீழே அரைப்புள்ளியும் பெரிய எழுத்தும் சின்ன எழுத்துமாக என்னென்னவோ கொட்டிக் கிடந்தது. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. எனக்கு எதிலும் முதலில் அதுதான் வரும்.

"உங்க பிரிண்டர்ல ஏதோ கோளாறு" என்று சத்தம் போட்டேன்.

கடைக்காரம்மா தாளை வாங்கி ஒரு பார்வை பார்த்தார். "கன்ட்ரோல் ஏ பண்ணீங்களா சார்?" என்றார். சர்க்கரைக்காரரிடம் ஸ்வீட் சாப்பிட்டீர்களா என்று கேட்கும் டாக்டரின் குரல் அது.

"ஒரே மாதிரி இருக்கட்டுமேன்னு..." என்றேன்.

"பழைய காப்பி?"

"அழிச்சிட்டேன்."

"உங்க நல்ல நேரம், எழுத்து எங்கயும் போவல" என்று அவர் தாளில் விரல் வைத்தார். kPd; என்று அச்சாகியிருந்தது. "இது மீன்." விரலை நகர்த்திக்கொண்டே, தடங்கலில்லாமல் முழு வரியையும் தமிழில் வாசித்தார். ப்ராஜெக்ட் பிரிண்டுக்காக நின்றிருந்த கல்லூரிப் பெண்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். "இருவது வருசமா இதையேதான சார் அடிச்சிகினு கீறேன்" என்றார் அவர்.

மூன்று அத்தியாயத்துக்கும் பழைய ஃபாண்டைத் திரும்பக் கொடுத்தார். கண் முன்னால் தமிழ் வந்தது. நான் பாயைக் கட்டிக்கொள்ளப் போனேன், அவர் கையில் பசை இருந்ததால் தப்பித்தார். ஆனால் சந்தோஷம் ஒரு நிமிடம்தான். நடுநடுவே இருந்த ஆங்கிலப் புத்தகத் தலைப்புகளும் மேற்கோள்களும் இப்போது தமிழில் பிதற்றின. அவற்றை ஒவ்வொன்றாகத் தேடி ஆங்கில ஃபாண்டுக்கு மாற்ற வேண்டும். கடையில் இருந்த கோப்பும் உதவாது, அதற்குப் பிறகு நெறியாளர் நூறு திருத்தம் சொல்லியிருந்தார்.

"படிச்சாதான் சார் எது தப்புன்னு தெரியும். நான் மொத அத்தியாயம் பாக்குறேன். நீங்க ரெண்டும் மூணும் பாருங்க" என்று என்னை இன்னொரு கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார வைத்தார். அப்போது மணி பதினொன்று.

பன்னிரண்டு மணிக்கு மனைவி ஃபோன் செய்தாள். "பிரிண்ட் ஆச்சா?"

"ஹெட்டிங் எல்லாம் பிரமாதமா வந்திருக்கு" என்றேன். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

"எதையும் மாத்தலையே?"

"பாய் கூப்பிடறார்" என்று வைத்துவிட்டேன்.

ஆங்கிலத்தைத் தேடித்தான் படிக்க ஆரம்பித்தேன். எடுத்துக்காட்டு முப்பத்தெட்டில் மீனை அமுக்கி அமுக்கிப் பார்க்கும் ஒருவரிடம் மீன்காரம்மா சொல்கிறார்: "இன்னாய்யா இந்த அமுக்கு அமுக்குற, அதுக்கு இன்னா கால் வலியா?" நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அந்தப் பேச்சில் எங்கே உறவு இருக்கிறது, எங்கே வியாபாரம் இருக்கிறது என்று அதன் கீழே என் மனைவி பிரித்துக் காட்டியிருந்தாள். அவ்வளவு தெளிவாக யாரும் எனக்கு எதையும் விளக்கியதில்லை. இரண்டு இடத்தில் ஆங்கிலத்தைக் கவனிக்காமல் தாண்டிப் போய், திரும்பி வர வேண்டியதாயிற்று.

எடுத்துக்காட்டு அறுபத்தொன்றில் ஒரு மீன்காரம்மா ஆய்வாளரிடமே கேட்கிறார்: "வாரா வாரம் வந்து குந்திகினு என் பேச்ச புடிச்சிகினு போறியே, உன் வூட்டுக்காரரு உன் பேச்ச கேக்குறாரா?"

அதன் கீழே: "ஆய்வாளர் இக்கேள்விக்குப் பதிலளிக்கவில்லை. மௌனமும் இங்கு உரையாடலின் ஓர் உறுப்பாகக் கொள்ளப்படுகிறது."

அதற்குமேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை. மீதிப் பக்கங்களை ஒரு வரி விடாமல் படித்தேன்.

ஒன்றரை மணிக்கு முன்பக்கங்கள் மட்டும் பாக்கி இருந்தன. கடைக்காரம்மா 'நன்றியுரை'யைத் திறந்தார். அந்தத் தலைப்பின் அளவை நான் மூன்று தடவை மாற்றியிருக்கிறேன். கீழே இன்னும் அதே அரைப்புள்ளிக் குப்பை.

"இத போன மாசம் டீச்சர் வந்து என்னத்தான் அடிக்கச் சொன்னாங்க" என்று அவர் சிரித்தார். ஃபாண்டை மாற்றாமலே வாசித்துக்கொண்டு போனார். நெறியாளருக்கு நன்றி, மீன் விற்கும் பெண்களுக்கு நன்றி. கடைசி வரிக்கு வந்ததும் குரல் கொஞ்சம் இறங்கியது. "இந்த ஏட்டின் தலைப்புகளை அழகுற அமைத்துத் தந்த என் கணவருக்கு நன்றி. உள்ளே இருப்பதையும் அவர் ஒரு நாள் படிப்பார் என நம்புகிறேன்."

பாய் காய்ந்துபோன அட்டைக்கு மறுபடி பசை தடவினார். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தக் கடையில் எனக்குத் தெரிந்த முகம் வேறு இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

"அந்தக் கடைசி வரிய எடுத்துடவா சார்? டீச்சர் கேட்டா நான் பாத்துக்கறேன்."

"வேணாம் மேடம், இருக்கட்டும். நான் ரெண்டு அத்தியாயம்தானே படிச்சிருக்கேன்" என்றேன்.

மூன்றே காலுக்கு ஐந்து பிரதியோடு ஸ்டேஷனுக்கு ஓடினேன். முன்பாதி ஒல்லி, பின்பாதி பருமன், எல்லாம் பழையபடியே. மனைவி ஒரு பிரதியைப் புரட்டிப் பார்த்து, "ஹெட்டிங் நல்லா இருக்கு" என்றாள். என்னைச் சந்தோஷப்படுத்த அவள் வழக்கமாகச் சொல்வது அது.

ட்ரெயின் குரோம்பேட்டை தாண்டியதும், காலையில் நடந்த எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது. கடைசியாக, "அறுபத்தொண்ணுல அந்தம்மா கேட்டதுக்கு நீ ஏதாவது பதில் சொல்லியிருக்கலாம்" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்ட நினைத்ததை மறந்துவிட்டாள் என்று நினைக்கிறேன். "என்னன்னு சொல்றது?" என்றாள்.

நாலே முக்காலுக்குப் பல்கலைக்கழக அலுவலகத்தை அடைந்தோம். அங்கிருந்த கிளார்க் பிரதியை வாங்கி, தலைப்புகளை மட்டும் விரலால் ஓட்டிப் பார்த்துவிட்டு, முத்திரை குத்தினார். கீழே இருந்த ஒரு வரியையும் அவர் படிக்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு, மனைவி மட்டும் கையைப் பிடித்து இழுக்காவிட்டால் அங்கேயே சண்டை நடந்திருக்கும்.

ஐந்தாவது பிரதியில் முத்திரை வைத்து எங்களிடமே திருப்பிக் கொடுத்திருந்தார்கள். திரும்பும் ட்ரெயினில் அதை மடியில் வைத்து முதல் அத்தியாயத்தைத் திறந்தேன்.

"அது கொஞ்சம் போர் அடிக்கும்" என்றாள்.

"பரவால்ல."

பக்கத்தில் உட்கார்ந்து நான் படிப்பதையே பார்த்துக்கொண்டு வந்தாள். கிண்டி தாண்டி நான் ஒரு பக்கத்தைத் திருப்பப் போனபோது, தாளின் அடியில் விரலை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"அடிக்குறிப்பையும் படிங்க" என்றாள்.