வாழ்த்து மைக்கில் சொருகிய கிட்டார்

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த நாட்கள். கள்ளக்குறிச்சியைச் சுற்றி எந்தச் சாலையில் போனாலும் மறியலுக்கு வெட்டிய ஒரு புளியமரம் குறுக்கே படுத்திருக்கும். கச்சிராயபாளையத்துக் கல்யாண வரவேற்புக்கு எங்கள் மெல்லிசைக் குழுவில் போய்ச் சேர்ந்தது இரண்டே பேர். வயல் வழியே கரும்பு வண்டியில் குலுங்கி வந்த பாட்டுக்கார அண்ணன், பக்கத்தில் கிட்டாரைக் கட்டிப்பிடித்தபடி நான். மற்றவர்களும் என் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரும் வேனோடு மரத்துக்கு அந்தப் பக்கம்.

குழுவே அண்ணனுடையது. எனக்கு அன்றுதான் வெள்ளோட்டம்.

"ஒழுங்கா வாசிச்சா குழுவுல இரு. சொதப்பினா அந்த ரேடியோ கடையிலயே குந்திக்கினு இரு," என்றார்.

பந்தலில் முந்தின நாளே கட்டிய சவுண்டு செட் இருந்தது. பழைய வால்வு செட். செட்டுக்காரரும் மரத்துக்கு அந்தப் பக்கம்தான். பாட்டு மைக்கை அண்ணனுக்கு விட்டுவிட்டு, வாழ்த்து மைக்கைப் பிடுங்கி அந்தத் துளையில் கிட்டாரைச் சொருகினேன்.

அண்ணன் மணப்பெண்ணைப் பார்த்து உருக்கமாக ஆரம்பித்தார். நான் ஒரு கம்பியைத் தொட்டேன். பந்தலே கிழிந்த மாதிரி ஒரு கரகரப்பு.

"இன்னாப்பா, மில்லுல கரும்பு அரைக்கிற மாதிரி கீது!" என்றார் பெண்ணின் தாய்மாமா.

ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். அகப்பட்ட குமிழைக் குறைத்தேன். அண்ணன் குரல் காணாமல் போனது. கரகரப்பு மட்டும் சின்னதாக, விடாமல் கரகரத்தது. ரேடியோ கடையில் தினமும் வால்வைக் கழற்றி மாட்டுகிறவன் நான். அந்த நேரத்தில் வால்வுக்கும் வாழைப்பூவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

வேர்வையைத் துடைத்தபோதுதான் உறைத்தது. நம் பெரியவர்கள் வாழ்த்துச் சொல்ல வந்தால் மைக்கை விட்டு நாலடி தள்ளித்தான் நிற்பார்கள், கடித்துவிடும் என்பது போல. அதனால் அந்தத் துளையின் முன் குமிழை முழுசாகத் திருகிவைப்பது வழக்கம். முன் குமிழ் சின்ன வால்வுகளுக்குள் எவ்வளவு போகலாம் என்பதை முடிவு செய்கிறது. பின் குமிழ், எல்லாத் துளைக்கும் சேர்த்துக் கடைசியில் எவ்வளவு சத்தமாக வெளியே வரலாம் என்பதை; நான் குறைத்தது அதைத்தான். மைக்கைவிடக் கிட்டார் பல மடங்கு பலமானது. நெரிசலில் வால்வுக்குள்ளேயே ஒலி அலையின் தலை நசுங்கிவிடுகிறது. பிறகு பின் குமிழை எவ்வளவு குறைத்தாலும் நசுங்கியது நசுங்கியதுதான்.

பின் குமிழை ஏற்றி, முன் குமிழைக் குறைத்தேன். கிட்டார் பசுமாடு போல் சாதுவானது. அண்ணன் முகம் தெளிந்தது. ஜனங்கள் பந்திக்கு எழ ஆரம்பித்தார்கள்.

தாய்மாமா மேடைக்கே வந்துவிட்டார். "அந்த மில்லு சத்தம் எங்க தம்பி? அத்த வுடு!"

அண்ணன் முறைத்தார். எழுந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு முன் குமிழை முழுசாகத் திருகினேன். டிரான்சிஸ்டர் என்றால் அலையின் தலையை நறுக்கென்று வெட்டும்; காது குத்தும். வால்வு மெல்ல அமுக்கியதால் அந்தக் கரகரப்பிலும் வெல்லப்பாகு இருந்தது. சாப்பாட்டை விட்டுவிட்டு ஆடினார்கள். அண்ணனும் வேறு வழியில்லாமல் வேகப்பாட்டுக்கு மாறினார்.

முடிந்ததும் கேட்டார்: "நம்ம டிரான்சிஸ்டர்ல இந்த சத்தம் வருமா?"

"வராதுண்ணே."

"அப்ப குழுவுல இரு. இந்த மாதிரி ஒரு செட்டு தேடிப் புடி. தூக்கிக்கினு வர்றதும் நீதான்."

தேடிப் பிடித்த வால்வு செட் கன்றுக்குட்டி கனம். போராட்டம் ஓயும்வரை, விழுந்து கிடந்த ஒவ்வொரு புளியமரத்தையும் அதைத் தோளில் வைத்துத்தான் தாண்டினேன்.