பரீட்சைத் தாளில் அக்கா விட்ட இடம்

முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் அக்காவைத் தெரியும். அவருடைய பொறுமையையும் கைப்பக்குவத்தையும் பற்றி மற்றவர்கள் மற்றப் பக்கங்களில் எழுதியிருக்கிறார்கள். என்னிடம் மாமா ஒரே ஒரு வேலையைத்தான் கொடுத்தார். அக்காவின் கணவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவது.

"உங்க அக்கா காலேஜு படிச்ச கதய நீதாம்மா எழுதணும். வேணாம்னு சொன்னவளும் நீதான்," என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. சொன்னவள் நான்தான். அதை மறைத்துவிட்டு அக்காவைப் பற்றி ஒரு வரி கூட என்னால் எழுத முடியாது.

எங்கள் அப்பா தேசூர்ப் பக்கத்திலிருந்து தறி வேலை தேடி ஆரணிக்கு வந்தவர். அக்கா பிறந்தது, வளர்ந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் இந்த நெசவுத் தெருக்களிலேதான். எனக்கு அம்மாவின் முகம் நினைவில்லை. என்னைவிட எட்டு வயது மூத்த அக்காதான் எனக்குத் தலை வாரி, சோறு போட்டு, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டு, பிறகு தம் வகுப்புக்கு ஓடுவார். எஸ்.எஸ்.எல்.சி.யில் அவர் கடைசியாக எழுதிய பரீட்சை வரலாறு. முடிவு வந்தபோது பள்ளியிலேயே இரண்டாவது மதிப்பெண். அதே மாதம் அப்பாவுக்குக் கண்ணில் புரை முற்றி ஜரிகை இழை தெரியாமல் போனது. அக்கா தறிக் குழிக்குள் இறங்கினார். யாரும் அவரை இறங்கச் சொல்லவில்லை. இறங்க வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

அந்தத் தறி ஓடித்தான் நான் பட்டப்படிப்பும் பி.எட்.டும் முடித்தேன். கலசப்பாக்கம் பக்கத்தில் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை ஆனேன். நான் முதல்நாள் வேலைக்குப் போனபோது அக்கா கல்யாணமாகி, ஒரு மகனைப் பெற்று, மாமாவோடு ஆளுக்கொரு தறியில் உட்கார்ந்திருந்தார்.

தொண்ணூறுகளின் நடுவில், அக்கா நாற்பதைத் தொட இருந்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஆரணிக்குப் போயிருந்தேன். அக்கா ஒரு தாளை எடுத்து வந்து என் மடியில் வைத்தார்.

"இன்னாக்கா இது?"

"காலேஜு பாரம். இங்கிலீஷ்ல கேட்டிருக்கிற எடத்த மட்டும் நீ ரொப்பிக் குடு."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

பட்டு நூல் சுற்றி வந்த செய்தித்தாளில் விளம்பரத்தைப் பார்த்திருக்கிறார். எஸ்.எஸ்.எல்.சி. மட்டும் படித்தவர்கள் முதலில் ஓர் அடிப்படைப் படிப்பை முடித்துவிட்டு, அஞ்சல்வழியில் பல்கலைக்கழகப் பட்டத்துக்குச் சேரலாம் என்று அதில் இருந்தது. நான் அந்தத் தாளைப் பார்த்தேன். அக்காவின் கண்ணைப் பார்த்தேன். அப்பாவின் கண்தான் அவருக்கும்.

"உனக்கு எதுக்குக்கா இப்ப காலேஜு? கண்ணு வேற மங்கிகினு வருது. இனிமே படிச்சி இன்னா கலெக்டராவா ஆவப் போற?"

அக்கா கோபப்படவில்லை. "நீ படிக்கும்போது எதுக்குன்னு நான் கேட்டனாடி?" என்றார். பிறகு அவரே என் முகம் சுண்டியதைப் பார்த்துவிட்டு, "சரித்திரப் பரீட்ச எழுதிட்டு வந்தன்னைக்கி நிறுத்தினேன். அங்கருந்து தொடங்கணும். அவ்ளோதான், வேற ஒண்ணுமில்ல," என்றார்.

பேனாவை எடுத்துப் படிவத்தை நிரப்பினேன். மனதோடு நிரப்பவில்லை.

தெரு சும்மா இருக்குமா? எதிர்வீட்டு அம்மாள், "அஞ்சில வளையாதது அம்பதுல வளையுமா?" என்று கேட்டார். "வளையறதுக்கு நான் போவலங்க, படிக்கத்தான் போறேன்," என்று அக்கா தெருவே கேட்கச் சொன்னாராம். சனி, ஞாயிறுகளில் வேலூரில் நேர்முக வகுப்பு. முதல் பேருந்தைப் பிடித்துப் போவார். முதல்நாள் அவர் வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்று வணக்கம் சொல்லியிருக்கிறார்கள். ஆசிரியை வந்துவிட்டார் என்று நினைத்திருக்கிறார்கள். அக்காவோ தமக்குப் பின்னால் யாரோ வருகிறார்கள் என்று நினைத்து, அவரும் ஓரமாக ஒதுங்கி நின்று வாசலைப் பார்த்துக் கும்பிட்டிருக்கிறார். இதைச் சொல்லும்போதெல்லாம் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்.

பாடம் படித்த விதம்தான் எங்கள் வீட்டில் விசேஷம். அக்காவின் கையும் காலும் கண்ணும் தறியில் இருக்கும். காது மட்டும்தான் சும்மா இருந்தது. மாமா தம் தறியை நிறுத்திவிட்டு ராட்டினத்தில் ஊடை நூல் சுற்றும் நேரத்தில், புத்தகத்தைத் தரையில் விரித்து, பக்கம் பறக்காமல் எடைக்கல் வைத்து, எழுத்துக் கூட்டி உரக்கப் படிப்பார். மாமா ஆறாவதோடு நின்றவர். "நிர்வாகச் சீர்திருத்தங்கள்" என்ற இடம் வந்தால் மூன்று முறை மோதி நிற்பார். அக்கா தறியை நிறுத்தாமலேயே அந்தச் சொல்லை எடுத்துக் கொடுப்பார். நாளடைவில் மாமாவுக்கே பாதி பாடம் மனப்பாடமாகி, டீக்கடையில் மௌரியர் ஆட்சி என்று ஆரம்பித்தால் கூட இருப்பவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்களாம்.

அடிப்படைப் படிப்பில் எல்லாம் சரியான விடையைக் குறிக்கும் கேள்விகள். அக்கா எளிதாகத் தேறினார். அடுத்தது பி.ஏ. வரலாறு, முதலாண்டு. அதில் கட்டுரைக் கேள்விகள். பரீட்சை முடிந்து வெளியே வந்தவர் முகத்தில் அப்படி ஓர் ஒளி. "கூடுதல் தாளு நாலு தடவ கேட்டு வாங்கினேன்டி. என்னாட்டம் எவரும் வாங்கல," என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

முடிவு வந்தது. ஐந்து தாளில் நான்கு போயிருந்தது.

அக்கா மதிப்பெண் பட்டியலை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டுத் தறியில் போய் உட்கார்ந்தார். அன்று பிற்பகல் நான் போனேன். ஆறுதல் சொல்லத்தான் போனேன். என் வாயிலிருந்து வந்ததோ வேறு.

"போதும், விடுக்கா. எல்லாருக்கும் எல்லாமும் வராது."

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "வராதுதான் போல," என்றார். அவ்வளவுதான். மறுநாள் புத்தகங்கள் பரணுக்குப் போயின. மாமா ராட்டினத்தின் முன்னால் வாய் மூடி உட்கார்ந்தார். அந்த வீட்டில் எட்டு மாதம் தறிச் சத்தம் மட்டும் கேட்டது. வாத்தியார் வேலை பார்க்கிறவள் ஒரு பிள்ளையிடம் சொல்லக் கூடாத சொல்லை நான் என்னைப் படிக்க வைத்தவரிடமே சொன்னேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என் நாக்கு கசக்கிறது.

பொங்கல் விடுமுறையில், அரையாண்டுத் தேர்வுத் தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். கூடத்தில் பாயை விரித்துத் திருத்திக்கொண்டிருந்தேன். அக்கா பக்கத்தில் மொச்சை உரித்துக்கொண்டு, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தாளில் காலிப் பக்கம் வந்தது. நான் அதன் குறுக்கே ஒரு கோடு இழுத்து, மதிப்பெண்ணைக் கூட்டி முகப்பில் போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தேன்.

"அதுக்கு அப்புறம் பாக்க மாட்டியா?" என்று கேட்டார் அக்கா.

"காலிப் பக்கம் வந்தா முடிஞ்சிச்சுன்னு அர்த்தம்க்கா."

"பின்னால எழுதியிருந்தா?"

"எந்தப் பிள்ளை அப்படி எழுதும்?"

மொச்சை உரித்த கை நின்றுவிட்டது. "நான் எழுதினேன்டி," என்றார்.

எனக்குப் புரியவில்லை. அக்கா எழுந்து பரணிலிருந்து தாம் எழுதிப் பழகிய நோட்டை எடுத்து வந்து விரித்தார். ஒரு கேள்விக்குப் பதில் முடிந்திருந்தது. பிறகு இரண்டு பக்கம் வெறுமை. அப்புறம் அடுத்த கேள்வி. நோட்டு முழுக்க அப்படியே.

"ஏன்க்கா நடுவுல காலியா வுட்டிருக்க?"

"ஒரு பொடவ முடிஞ்சா பாவுல எடம் வுடணும் இல்ல? வுடாம அடுத்தது தொடங்கினா எங்க அறுக்கறது? ரெண்டும் ஒட்டிகினு போய்டாதா?"

தறியில் நீளவாக்கில் கட்டிய ஒரே பாவில் இரண்டு மூன்று புடவை நெய்வோம். ஒன்று முடிந்ததும் ஒரு சாண் அளவு குறுக்கே ஊடை போடாமல் இழையை அப்படியே விட்டு, அதற்குப் பிறகுதான் அடுத்ததைத் தொடங்குவோம். அந்த இடத்தில்தான் அறுப்பது. இருபது வருடத்துக்கு மேலாக அக்காவின் கைக்குப் பழகிய ஒழுங்கு அது. பரீட்சைத் தாளிலும் அந்தக் கை அதையே செய்திருக்கிறது. கூடுதல் தாளை நான்கு முறை வாங்கியது எதற்கென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அக்காவின் தாளைத் திருத்தியவர் காலிப் பக்கத்தோடு நிறுத்தினார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அவரை எனக்குத் தெரியாது. ஆனால் என்னை எனக்குத் தெரியும். என் மடியில் இருந்த தாள்கட்டில் எத்தனை தாளில் அப்படிக் கோடு போட்டிருந்தேனோ! முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. "எனக்கு வரலன்னுதான் நெனச்சிகினு இருந்தேன்," என்று மட்டும் அக்கா சொன்னார். அதற்குமேல் ஒரு வார்த்தை என்னைக் கடிந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்று சாயந்திரம் திருத்திய தாள்கள் அத்தனையையும் மறுபடி கடைசிப் பக்கம் வரை புரட்டினேன். ஒன்றில், காலிப் பக்கத்துக்குப் பின்னால், பூவின் பாகங்கள் அழகாக வரையப்பட்டிருந்தன. மதிப்பெண் போட்டேன். அதன் பிறகு இன்றுவரை எந்தத் தாளையும் கடைசிப் பக்கம் பார்க்காமல் மூடியதில்லை.

அக்காவிடம், "ஒரு பதில் முடிஞ்சா ஒரு கோடு போடு, அதுக்குக் கீழயே அடுத்தத ஆரம்பி," என்றேன். அவருக்கு மனசே வரவில்லை. "நெருக்கிகினு நிக்குமேடி," என்றார். கடைசியில் ஓர் உடன்படிக்கைக்கு வந்தோம். பரீட்சையில் கோடு, வீட்டு நோட்டில் இடம். மறுபடி பணம் கட்டி, போன நான்கு தாளையும் எழுதினார். நான்கும் வந்தன. அப்புறம் ஒரு தாள்கூடப் போகவில்லை. பட்டச் சான்றிதழ் தபாலில் வந்த அன்று மாமா அதை எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார். அக்கா தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார். மாமா படித்து அக்கா தறியை நிறுத்திக் கேட்டது அந்த ஒரு முறைதான் என்று மாமா சொல்வார்.

அத்தோடு விடாமல் எம்.ஏ.வுக்கும் சேர்ந்தார். இம்முறை படிவத்தை நான் மனதோடு நிரப்பினேன். இரண்டாம் ஆண்டில் வயிற்றில் வலி என்றார். கட்டி என்றார்கள். வேலூர் மருத்துவமனையில் இருந்த வாரங்களில் ஊசி ஏறாத கையால் எழுதிக்கொண்டிருப்பார். "பேஜாரா இல்லியாக்கா?" என்று கேட்டேன். "பரீட்சைக்கு நான் இருக்க மாட்டேன், தெரியும். எழுதினவரைக்கும் என்துதானே," என்றார். தேர்வுக்கான நுழைவுச்சீட்டு, காரியம் முடிந்த மறுவாரம் தபாலில் வந்தது.

பிறகு ஒருநாள் மாமா அந்த ஆஸ்பத்திரி நோட்டை என்னிடம் கொடுத்தார். கடைசிப் பதில் முழுதாக முடிந்திருந்தது. அடுத்து காலிப் பக்கம். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டை மூடினேன்.

"இன்னாம்மா மூடிட்ட?" என்றார் மாமா. "உங்க அக்கா எடம் வுடறவ. திருப்பு."

திருப்பினேன்.

அக்காவைக் கடைசிவரை கவனித்துக்கொண்ட செவிலியர்களுக்கும், வேலூருக்கும் ஆரணிக்கும் முகம் கோணாமல் அலைந்த உறவினர்களுக்கும், மகன் சென்னையிலிருந்து வந்து சேரும்வரை மாமாவைத் தனியே விடாத தெருக்காரர்களுக்கும், எதிர்வீட்டு அம்மாளுக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. கூடவே, முகம் தெரியாத அந்தப் பிள்ளைகளுக்கும் என் நன்றி. முதல்நாள் அக்காவைப் பார்த்து எழுந்து நின்றார்களே, அவர்களுக்கு.

இந்தக் கட்டுரைக்குப் பின்னால் இரண்டு பக்கத்தை வெறுமையாக விடச் சொன்னேன். "சும்மா போவுதுங்களே டீச்சர், இன்னொரு போட்டோவாச்சும் போட்டுக்கலாமே," என்றார் அச்சகக்காரர். வேண்டாம் என்றுவிட்டேன். அதற்கடுத்த பக்கத்தில், அக்காவின் உருண்டைக் கையெழுத்தில் ஒரு கேள்வியும், பாதியில் நின்ற நான்கு வரிப் பதிலும் இருக்கின்றன. காலிப் பக்கம் வந்ததும் மூடிவிடாதீர்கள். நான் ஒருமுறை மூடியவள்.